பேரளியிலிருந்து படித்தவள்

மேகலாவின் அம்மா ஆவணி மாதத்தில் இறந்துபோனார். இரண்டரை வருடம் படுத்த படுக்கையாக இருந்தவர். காரியமெல்லாம் முடிந்து, கனடாவிலிருந்து வந்திருந்த அண்ணன் மணிவண்ணனும் விமானம் ஏறிய பிறகு, பெரம்பலூர் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்ன செய்வதென்று மேகலாவுக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வயது. கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றிய பதற்றமும் எப்போதோ அடங்கியிருந்தது. மருந்து கொடுக்க வேண்டிய நேரம் வந்ததும் கை தானாக எழுந்து, கொடுக்க ஆள் இல்லாமல் திரும்ப மடியில் விழும்.

அப்படித்தான் ஒருநாள் ஆபீசிலிருந்து வரும் வழியில் மாவட்ட நூலகத்துக்குள் நுழைந்தாள். அலமாரிகள் பக்கம் அவள் போகவில்லை. தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் எதையாவது விரும்பவேண்டுமே. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் மற்றவர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் அடுக்கப்படாமல் குவிந்து கிடந்தன. மேலே இருந்ததை எடுத்துக்கொண்டாள். அதை முடித்ததும் அடுத்த முறையும் அதே மேசை, அதே போல மேலே இருந்த ஒன்று.

முதலில் வந்தது ஒரு நாவல். ஆள் அரவமில்லாத தீவில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்கிற ஒருவன், கோபித்துக்கொண்டு போன மகளின் கடிதத்துக்காகக் காத்திருக்கிறான். அடுத்தது, பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால் இந்த மண்ணெல்லாம் கடலாக இருந்ததைச் சொல்லும் புத்தகம். அதன் பிறகு பனிப்புயலில் குதிரை வண்டியில் தப்பியோடும் ஒரு பெண்ணின் கதை, வேற்றுமொழியிலிருந்து வந்தது. பிறகு தேனீ வளர்ப்புக் கையேடு. பிறகு மலைக்கிராமங்களில் பிரசவம் பார்த்த ஒரு டாக்டரம்மாவின் நினைவுகள். கடைசியாக, நூற்பாலை ஊரில் காணாமல் போனவனைத் தேடும் துப்பறிவாளனின் கதை.

எல்லாவற்றையும் அவள் தண்ணீர் குடிப்பது போலப் படித்தாள். தாகம் இருந்தது, ருசி தெரியவில்லை.

அரியலூரில் நில அளவை ஆபீசில் அவள் வரைவாளர். காலையில் பெரம்பலூரில் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் படிக்கலாம். வெளியே மக்காச்சோளக் காடுகள் ஓடும். பருத்தி வெடித்து நிற்கும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் தார்ப்பாய் படபடக்க எதிரே வரும். புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து வெளியே பார்த்தால், சில நேரம் படித்துக்கொண்டிருந்ததே ஜன்னலிலும் தொடர்வது போல இருக்கும். கடல் புத்தகம் படித்த வாரம் முழுக்க, பஸ் ஆழத் தண்ணீருக்கடியில் போய்க்கொண்டிருந்தது. சோளத்தட்டைகள் பாசி போல ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. மேலே, ரொம்ப உயரத்தில், வெளிச்சம் அலை அலையாக அசைந்தது.

கார்த்திகை பிறந்த ஒரு காலையில், குதிரை வண்டி ஆற்றைக் கடக்கிற பக்கத்தை மேகலா திருப்பப் போனாள்.

"செத்த இருங்க. ரெண்டு வரி."

குரல் தலைக்கு மேலிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். நீலச் சட்டை, தோளில் 'செக்யூரிட்டி' என்று தைத்த பட்டை, சட்டைக்குக் கீழே பழுப்புப் புடவை. நாற்பத்தைந்து வயது இருக்கும். மேல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பஸ்ஸோடு ஆடிக்கொண்டே அவள் கண் புத்தகத்தில் இருந்தது.

"ம். இப்ப திருப்புங்க" என்றாள். பிறகுதான் தான் பேசிவிட்டது உறைத்தது போல நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்க மேடம். வாய் தவறிப் பேசிட்டேன்."

"எவ்வளவு நாளா படிக்கிறீங்க?"

"அந்த வெளக்குக்காரன் காலத்துலேர்ந்து."

மேகலா மனசுக்குள் கணக்குப் போட்டாள். அது ஐப்பசி. தீபாவளிக்கும் முன்னால்.

பெயர் பூங்காவனம். பேரளியில் ஏறுவாள். அரியலூரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் வேலை. பஸ் பேரளிக்கு வரும்போதே நிரம்பிவிடுவதால் அவளுக்கு உட்கார இடம் கிடைத்ததே இல்லை. "நானே ஒரு புக்கு வாங்கிப் படிக்கலாம்னா கிட்ட வச்சா எழுத்து புழுபுழுன்னு நெளியுது. நீங்க மடியில வச்சிருக்கீங்க பாருங்க, இந்தத் தூரந்தான் எனக்குச் சரியா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள்.

அன்றிலிருந்து மேகலா பக்கத்தைத் திருப்பும் முன் கொஞ்சம் காத்திருந்தாள். தலைக்கு மேலே "ம்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அதன் பிறகு திருப்புவாள். காத்திருக்கும் அந்த அரை நிமிடத்தில், ஏற்கெனவே படித்த வரிகளையே இன்னொரு முறை படிக்க வேண்டியிருந்தது. பனியில் உறைந்துபோன குதிரையின் பிடரியை அந்தப் பெண் தன் மூச்சுக்காற்றால் உருக்குவாள் என்பதை அப்படித்தான் கவனித்தாள். முதல் தடவை அது கண்ணில் படவே இல்லை.

மார்கழியில் ஒருநாள் பேரளி தாண்டியதும் பனி மூடிக்கொண்டது. சாலை தெரியவில்லை. டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் கூட்டமும் இல்லை. பூங்காவனம் முதன்முறையாக மேகலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எழுத்து அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. மேகலா புத்தகத்தை மூடினாள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, வெள்ளை மட்டும்.

"உங்களுக்கு எப்படிக்கா புரியுது? நான் பெரம்பலூர்லயே ஆரம்பிச்சுடுறேன். சாயங்காலமும் வீட்டுல படிக்கிறேன். நீங்க நடுவுல கொஞ்சம் கொஞ்சந்தானே பாக்குறீங்க?"

"புரியாம என்ன? விட்டுப்போனத நாமளே போட்டுக்க வேண்டியதுதான். கடை வாசல்ல பன்னெண்டு மணி நேரம் நிக்கிறேன். வேற என்ன வேல எனக்கு?"

"சொல்லுங்களேன்."

பூங்காவனம் சொல்ல ஆரம்பித்தாள். தீவில் விளக்கேற்றுகிறவன் கடிதத்துக்காகக் காத்திருக்கிறான். அவன் மகள்தான் பனியில் குதிரை வண்டியில் போகிறவள். வயிற்றில் பிள்ளை. மலையில் டாக்டரம்மா அவளுக்குப் பிரசவம் பார்க்கிறார். மகள் அங்கேயே தங்கித் தேனீ வளர்க்கிறாள். கூட்டை இடம் மாற்றினாலும் வாசலைப் பழைய திசைக்கே வைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஈக்கள் வழி தவறிவிடும் என்று அவளுக்குத் தெரிகிறது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அப்பா நினைப்பு வருகிறது. கடிதம் எழுதுகிறாள்.

"ஆனா போய்ச் சேராது. ஏன்னா அதுக்குள்ள கடலு பின்னால போயிடுச்சு. அந்தச் சங்கு படம் போட்ட பாகத்துல வந்துச்சே. கடலு இல்லன்னா கப்பலு எப்படி வரும்? வெளக்குக்காரன் தெனமும் வெளக்கு ஏத்துறான். கீழ பாத்தா தண்ணியே இல்ல. ஒரு நாளு படியெறங்கி வந்து, காஞ்ச கடலு மேலயே நடக்குறான். காலுக்குக் கீழ எல்லாம் சுருள் சுருளா சங்கு. நடந்து நடந்து நம்ம பக்கந்தான் வர்றான்."

"நம்ம பக்கமா?"

"இங்கதான கடலு இருந்துச்சுன்னு போட்டுருக்கு? இப்ப ஒரு துப்பறியிற ஆளு தேடுறான்ல, அவன் தேடுறது இந்த வெளக்குக்காரனத்தான். மக அனுப்பிச்ச ஆளு."

மேகலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆறு புத்தகமும் ஒரே புத்தகத்தின் பாகங்கள் என்று இந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அட்டை மாறுவதைக்கூட, பாகம் மாறுகிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"முடிவு என்னக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்? புக்கு உங்க கையிலதான இருக்கு!"

பஸ் பனிக்குள் நகர்ந்தது. எங்கோ ஒரு லாரியின் ஹாரன், கப்பலின் சங்கொலி போலக் கேட்டுத் தேய்ந்தது. மேகலா ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். வெள்ளைக்குள் ஒரு ஆள், கையில் அணைந்த விளக்கோடு, பருத்திக் காட்டுக்குக் குறுக்கே நடந்துபோவது போல இருந்தது. அது வெறும் மின்கம்பமாகவும் இருக்கலாம்.

நாவலில் விளக்குக்காரன் செத்துப்போகிறான். பதினோரு நாள் கழித்துக் கடிதம் வருகிறது. புதிதாக வந்த ஆள் அதைப் பிரிக்காமல் இழுப்பறையில் போடுகிறான். மேகலா அதைச் சொல்லவில்லை. தனித்தனிப் புத்தகம் என்பதையும் சொல்லவில்லை.

தை மாதக் கடைசி ஞாயிறு, நூலகத்து மாடியில் வாசகர் வட்டக் கூட்டம். அதை நடத்துகிற கல்லூரி ஆசிரியர் முத்தமிழ்செல்வன், மேகலா அடிக்கடி புத்தகம் எடுப்பதைப் பார்த்து, "சமீபத்துல படிச்சதப் பத்திப் பேசுங்க மேடம், பதினஞ்சு நிமிஷம் போதும்" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மேகலா ஒவ்வொரு புத்தகத்துக்கும் அரைப் பக்கம் எழுதி எடுத்துப்போனாள். கதைச் சுருக்கம், நடை, நிறைகுறை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினான்கு பேர் இருந்தார்கள். எழுந்து நின்று தாளைப் பார்த்தபோது, அதில் இருந்த எந்த வாக்கியமும் தன்னுடையதாக அவளுக்குத் தோன்றவில்லை.

தாளை மடித்துவிட்டு, பூங்காவனம் சொன்ன கதையைச் சொன்னாள். எப்படி அது தனக்குக் கிடைத்தது என்பதையும் சொன்னாள். பேரளி, நீலச் சட்டை, தலைக்கு மேல் கேட்கும் "ம்". சொல்லி முடித்ததும் முன்வரிசையில் இருந்த சிங்காரவேலு என்ற ஓய்வு பெற்ற தபால்காரர் கையைத் தூக்கினார்.

"அந்த நாவல நான் படிச்சிருக்கேன். அதுல இப்படியெல்லாம் இல்லையேம்மா. தப்பால்ல சொல்லிருக்காங்க?"

சிலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் மேகலாவின் முகம் சூடாகிவிட்டது.

திங்கட்கிழமை பஸ்ஸில் மேகலா நடந்ததைப் பூங்காவனத்திடம் சொன்னாள். சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தாள். பூங்காவனத்தின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

"ஆறும் வேற வேற புக்கா?"

"ஆமாக்கா."

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நான் பைத்தியக்காரி மாதிரி சொல்லிக்கிட்டு இருந்தேன், நீங்களும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் அத நாலு பேரு மத்தியில போயி வேற சொல்லிருக்கீங்க. என் பேரு போட்டு. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எனக்கு அது பிடிச்சிருந்ததுக்கா. அதனாலதான்…"

"சிரிச்சாங்களா இல்லியா?"

மேகலா மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்துக் குனிந்தாள். பூங்காவனம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றாள்.

அடுத்த நாளும் அவள் பின்பக்கந்தான் ஏறினாள். அதற்கடுத்த நாளும். மேகலா மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தின் மேல் யார் நிழலும் விழாது. வெயில் நேராக எழுத்தில் அடித்தது. பக்க முடிவில் பழக்கத்தில் நிறுத்திவிட்டு, வராத "ம்"முக்காகக் காத்திருப்பாள். சித்தளியில் நிறுத்திய பக்கம் அரியலூர் வரைக்கும் அப்படியே இருக்கும்.

ஐந்தாம் நாள் அரியலூரில் இறங்கியதும் மேகலா கூட்டத்துக்குள் ஓடிப் பூங்காவனத்தைப் பிடித்தாள். நூலகத்திலிருந்து மறுபடி வாங்கி வந்திருந்த அந்தத் தீவு நாவலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"நான் செஞ்சது தப்புதான்க்கா. கேக்காம சொன்னதும் தப்பு, தெரிஞ்சும் சொல்லாம இருந்ததும் தப்பு. இத முழுசா நீங்களே படிச்சுப் பாருங்க."

பூங்காவனம் புத்தகத்தைப் பார்த்தாள். வாங்குவாளா மாட்டாளா என்று தெரியவில்லை. பிறகு பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருப் பக்கம் நடந்தாள்.

ஒரு வாரம் கழித்து, பேரளியில் அவள் முன்பக்கம் ஏறினாள். மேகலாவுக்குப் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்ணிடம், "கொஞ்சம் எந்திரிச்சுக்கம்மா, இவங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றாள். அந்தப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். பூங்காவனம் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"அந்தாளு செத்துப் போயிட்டான்."

"ஆமாக்கா."

"மக கடுதாசி போட்டுருக்கா. பதினோரு நாளு. வெறும் பதினோரு நாளு." கையை விரித்துக் காட்டினாள். "கையை நீட்டி நீட்டிப் படிச்சு, தோளெல்லாம் வலி. கடைசி ரெண்டு பக்கம் என் மவன வுட்டுப் படிக்கச் சொன்னேன். அவனே அழுதுட்டான். ஏன் சொல்லல எங்கிட்ட?"

"உங்க கதை நல்லா இருந்துச்சுக்கா. அவன் நடந்து வர்றது. அத நான் கெடுக்க விரும்பல."

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நடந்தது இதுதான? அவன் தனியாக் கெடந்து செத்துருக்கான், நான் இங்க அவன ஊரு ஊரா நடக்க வச்சுக்கிட்டு இருந்துருக்கேன்."

மேகலா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெட்டி முடித்த சோளக்காட்டில் தட்டைக்கு வைத்த நெருப்பு புகைந்துகொண்டிருந்தது. புகை தரையோடு படுத்து, யாரோ போர்வை இழுத்துப் போர்த்துவது போல மெதுவாக நகர்ந்தது. ஏன் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"எங்க அம்மா படுக்கையில இருந்தப்ப தினமும் சாயங்காலம் கேப்பாங்க. மணிவண்ணன் பேசுனானான்னு. அவன் மாசத்துக்கு ஒரு தடவை பேசுனா அதிசயம். நான், பேசுனாம்மா, நீங்க தூங்கிட்டு இருந்தீங்கன்னு சொல்லிடுவேன். என்ன சொன்னான்னு கேப்பாங்க. அதுக்கும் ஒண்ணு சொல்வேன். அங்க ஏரியெல்லாம் உறைஞ்சுபோச்சாம், அது மேல நடந்து ஆபீஸ் போறானாம், இப்படி. ரெண்டரை வருஷம். ஒருநாள்கூட நிஜத்தச் சொல்லலைக்கா."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. காரியத்தின்போது வராத அழுகை. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை. எழுந்து நின்றிருந்த கல்லூரிப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

பூங்காவனம் அதை வாங்கி மேகலாவின் கையில் வைத்தாள்.

"நம்புனாங்களா?"

"தெரியலைக்கா."

"கேட்டுக்கிட்டுதான இருந்தாங்க?"

"தினமும்."

"அப்ப பிடிச்சிருந்துருக்கு" என்றாள் பூங்காவனம். பிறகு, "ஏரி மேல நடந்து ஆபீஸ் போறானா? நல்லாத்தான் சொல்லிருக்கீங்க" என்றாள். மேகலா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

இறங்கும்போது பூங்காவனம் கேட்டாள். "அந்தக் கூட்டம் அடுத்து எப்ப?"

"மாசி கடைசி ஞாயிறு. ஏன்க்கா?"

"கடையில இப்ப கூட்டம் இல்ல. சூப்பர்வைசர்கிட்ட லீவு கேட்டுப் பாக்குறேன்."

லீவு கிடைத்தது. ஞாயிறு காலை மாம்பழ நிறப் புடவையில் வந்து இறங்கியவளை பஸ் ஸ்டாண்டில் மேகலாவுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. நூலகத்துப் படியேறும்போது பூங்காவனம், "எட்டாவதோட நின்னவ நான்" என்று இரண்டு முறை சொன்னாள். மாடியில் முத்தமிழ்செல்வன் எழுந்து, "வாங்கம்மா, உங்களப் பத்திக் கேள்விப்பட்டுருக்கோம்" என்றார். சிங்காரவேலு தன் நாற்காலியை அவளுக்கு நகர்த்திவிட்டு வேறு ஒன்றை இழுத்துக்கொண்டார்.

பூங்காவனம் உட்காரவில்லை. பேச எழுந்தவர்கள் நிற்கிற இடத்துக்கு நேராகப் போனாள். வேலையில் நின்று பழகிய நேர்முதுகோடு நின்றாள்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேங்க. போன மாசம் இவங்க சொன்னதுல பாதி தப்பு. அந்தத் துப்பறியிறவன மக அனுப்பலீங்க. அப்படித்தான் நானும் நெனச்சிருந்தேன். புக்கு முழுசாப் படிச்ச பின்னாடிதான் தெரிஞ்சுது. வெளக்குக்காரன் செத்துட்டான். எனக்கு நாலு நாளு சோறு எறங்கல. அப்புறம் யோசிச்சேன். கடுதாசி இழுப்பறையில கெடக்குதுல்ல? புதுசா வந்தவன் பிரிக்கல. பிரிக்கலன்னா அது இன்னும் போய்ச் சேரலன்னுதான அர்த்தம்?"

பூங்காவனம் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

"அதனால, துப்பறியிறவன் தேடுறது ஆள இல்லீங்க. அந்தக் கடுதாசிய."

பிறகு அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஜன்னல் வழியாக மாசி வெயில் தரையில் நீளமாக விழுந்து, நாற்காலிக் கால்களுக்கு நடுவே மெல்ல நகர்ந்தது. மேகலா சுவரோரம் உட்கார்ந்து கேட்டாள். தேனீக்கள் வந்தன. வற்றிய கடல் வந்தது. பிரசவம் பார்த்த டாக்டரம்மா, லாந்தர் வெளிச்சத்தில் ஒரு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புத்தகங்களில் எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று அவளுக்கே இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் யாரோ "ஷ்" என்று ஒரு கைபேசியை அணைக்கச் சொன்னார்கள்.

பதினைந்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. தபால்காரராக இருந்த சிங்காரவேலு முன்னால் சாய்ந்து, முழங்கை இரண்டையும் முட்டியில் ஊன்றியிருந்தார். பூங்காவனம் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

"மேல் விலாசம் சரியா எழுதியிருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

பூங்காவனம் டம்ளரைக் கீழே வைத்தாள். "அத ஏன் கேக்குறீங்க" என்று தொடர்ந்தாள்.